கடைமடையின் கணக்கு

"மேட்டூரில் எத்தனை அடி?" வைகாசி பிறந்துவிட்டால் காவிரிப் பாசனப் பகுதியில் இக்கேள்வி எழாத திண்ணை இல்லை. நாளேட்டைக் கையில் எடுப்பவர் தலைப்புச் செய்தியையும் தாண்டிச் சென்று, உள்பக்கத்தில் ஒரு மூலையில் அச்சிடப்பட்டிருக்கும் நீர்மட்டத்தைத் தேடுகிறார். அணையின் முழு அளவு 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. 1934இல் பயன்பாட்டுக்கு வந்த அந்த அணையை ஆண்டுதோறும் ஜூன் 12ஆம் நாள் பாசனத்துக்குத் திறப்பது மரபு. அன்று திறந்தால் குறுவை உண்டு. திறக்காவிட்டால், சம்பாவாவது கைக்கு வருமா என்ற ஏக்கம் உண்டு. ஒரு வட்டாரம் முழுவதன் நலத்தையும் ஒரே எண்ணில் அடக்கிச் சொல்லிவிடலாம் என்னும் நம்பிக்கை நமக்கு இந்த அணையிலிருந்தே வந்திருக்க வேண்டும்.

அதே கேள்வியை முத்துப்பேட்டையில் நின்று கேட்டுப் பார்ப்போம். கல்லணையில் பிரியும் வெண்ணாறு, நீடாமங்கலத்துக்கு அருகில் மூணாறு தலைப்பில் மீண்டும் பிரிந்து, கோரையாறாகவும் பாமணியாறாகவும் தெற்கே இறங்குகிறது. வழியெங்கும் வாய்க்கால்களுக்குக் கொடுத்துக் கொடுத்து மெலிந்து, கடைசியில் முத்துப்பேட்டையின் உப்பங்கழியில், அலையாத்திக் காடுகளின் வேர்களுக்கிடையே கடலோடு கலந்துவிடுகிறது. இதற்கப்பால் நிலம் இல்லை, பாக் நீரிணைதான். பாசனத் தண்ணீர் இவ்வூருக்குக் கடைசியாக வருகிறது. வெள்ளமோ மேலே உள்ளவர்கள் வடித்ததையெல்லாம் சேர்த்துக்கொண்டு தவறாமல் வந்துவிடுகிறது. மேட்டூரில் 100 அடி என்றால் கடைமடையில் எத்தனை அங்குலம் என்பதை எந்த நாளேடும் அச்சிடுவதில்லை.

காலம் கெடும்போது ஒரு வட்டாரத்தின் நலிவை நாம் எப்படி அறிகிறோம்? அறிந்ததாக எப்போது சொல்லத் துணிகிறோம்? பார்ப்பதற்கு இது பொருளியல் அறிஞர்களின் கேள்வி. ஆனால் தவறான அளவுகோலால் ஒருவர் பசித்திருக்க, சரியான அளவுகோலால் அவருக்கு உதவி கிடைக்கும் என்றால், அளவுகோலைத் தேர்ந்தெடுப்பது அறச்செயலே அன்றோ? அதனால்தான் இம்மாதம் இக்கேள்வியை எடுத்துக்கொண்டோம்.

முதலில் அண்மைக்கால வரலாறு. 2011இல் ஜூன் 6ஆம் நாளே திறக்கப்பட்ட மேட்டூர் அணை, 2012 தொடங்கி 2019 வரை எட்டு ஆண்டுகள் உரிய நாளில் திறக்கப்படவில்லை. 2016இல் செப்டம்பர் 20. 2017இல் அக்டோபர் 2. 2020இல்தான் ஜூன் 12 மீண்டும் ஜூன் 12 ஆயிற்று. அந்த எட்டு ஆண்டுகளில் மிகக் கொடியது 2016. காவிரியும் வரவில்லை, வடகிழக்குப் பருவமழையும் வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. சம்பாவை நேரடி விதைப்பாகத் தூவிவிட்டு வானத்தைப் பார்த்திருந்த உழவர், முளைத்த பயிர் மஞ்சளாகிக் கருகுவதைக் கண்டார். சாவுச் செய்திகள் வரத் தொடங்கின. ஒரே மாதத்தில் 106 உழவர்கள் இறந்ததாக வந்த செய்திகளின் பேரில் தேசிய மனித உரிமை ஆணையம் 2017 ஜனவரியில் மாநில அரசுக்கு அறிவிப்பு அனுப்பியது. ஜனவரி 10ஆம் நாள் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அரசு அறிவித்தது. நெல்லுக்கு ஏக்கர் ஒன்றுக்கு 5,465 ரூபாய் நிவாரணம். இறந்தவர்களுள் 17 உழவர்களின் குடும்பங்களுக்குத் தலா 3 இலட்சம் ரூபாய்.

பின்னர் ஏப்ரல் மாத இறுதியில், உச்ச நீதிமன்றத்தில் இதே பொருள் குறித்த வழக்கு ஒன்றில், வறட்சியால் உழவர் எவரும் தற்கொலை செய்துகொள்ளவில்லை, நிகழ்ந்த இறப்புகள் தனிப்பட்ட காரணங்களால் நிகழ்ந்தவை என்னும் நிலையை மாநில அரசு எடுத்தது.

"தனிப்பட்ட காரணங்கள்" என்னும் இச்சொற்களின் முன் நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. ஒரு சாவுக்கு ஒரே காரணம் இருப்பது அரிது. நோய் இருந்திருக்கலாம், குடி இருந்திருக்கலாம், வீட்டில் பிணக்கு இருந்திருக்கலாம். அறிக்கை எழுதிய அலுவலர் வேண்டுமென்றே பொய் எழுதினார் என்று நாம் சொல்லவில்லை. அவரிடம் இருந்த படிவத்தில் கட்டங்கள் போதவில்லை என்றே சொல்கிறோம். ஆனால் கடன் தனிப்பட்டதா? கருகிய பயிரைப் பார்த்துவிட்டு வந்தவரிடம், அடகில் இருக்கும் தாலிச் சங்கிலியை மனைவி நினைவூட்டுகிறார், சொல் தடிக்கிறது. மறுநாள் அது குடும்பப் பிணக்கு என்று பதிவாகிறது. மகள் திருமணம் தள்ளிப்போகிறது. அது குடும்பச் சிக்கல். மருத்துவச் செலவுக்குக் காசில்லை, அது நோய். வறட்சி ஒருவருடைய வீட்டுக்குள் நுழையும்போது தன் பெயரை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் நுழைகிறது. உள்ளே போனபின் அது கடனாக, சண்டையாக, நோயாக, மௌனமாகத்தான் தென்படும்.

அரசைக் குறைகூறி முடித்துவிடுவது எளிது; நம்மையும் பார்த்துக்கொள்வோம். தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவருக்குத் திருச்சபை முறையான அடக்கத்தை மறுக்கும் விதி 1917ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் இருந்தது. 1983இல் வந்த புதிய தொகுப்பில் அது இல்லை. இடைப்பட்ட காலத்தில், கல்லறைத் தோட்டத்தின் கதவைத் திறக்குமுன் சாவின் காரணத்தைக் கேட்டுக்கொண்டு நின்றவர்கள் நம்முள்ளும் இருந்தார்கள். நாமும் படிவம் நிரப்பியவர்களே.

ஒரு வட்டாரத்தின் துன்பத்தைக் காலத்தே கண்டறிய வேண்டும் என்னும் எண்ணம் இந்நாட்டில் புதியதன்று. 1876 தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தைப் பாட்டிமார் வாயிலாகக் கேட்டவர்கள் முன் தலைமுறையில் இருந்தார்கள். அப்போது நிவாரணப் பணிகளைப் பார்வையிட வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், வேலை செய்யும் ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த மருத்துவர் கார்னிஷ் அதை எதிர்த்து வாதாடினார். மண் சுமப்பவர் உடலைத் தாங்க அந்தத் தானியம் போதாது என்றார். இருவரும் கணக்குப் பார்த்தவர்களே. ஒருவர் கருவூலத்திலிருந்து தொடங்கினார். மற்றவர் விலா எலும்பிலிருந்து தொடங்கினார். இரண்டு கணக்குக்கும் இடையே எத்தனை உயிர் போயிற்று என்று எவரும் சரியாக எண்ணவில்லை.

அந்தப் பஞ்சத்துக்குப் பின் 1880இல் பஞ்ச ஆணையம் அறிக்கை தந்தது. 1883 முதல் மாகாணங்கள் பஞ்சச் சட்டக்கோவைகளை வகுத்துக்கொண்டன. அவற்றைப் படிக்கும்போது ஒரு வியப்பு காத்திருக்கிறது. பஞ்சம் வருவதை மாவட்ட ஆட்சியர் எப்படி முன்னறிவது? விளைச்சலையும் மழையையும் மட்டும் பார்த்து அன்று. தானிய விலை ஏறுகிறதா? வட்டிக்குக் கொடுப்பவர் கையை இழுத்துக்கொள்கிறாரா? தனியார் தருமம் சுருங்குகிறதா? மக்கள் காரணமின்றி ஊர்விட்டு ஊர் அலைகிறார்களா? சிறு திருட்டுகள் கூடுகின்றனவா? நகரத்தில் பிச்சைக்காரர்கள் பெருகுகிறார்களா? இவற்றைக் கவனித்து எழுதச் சொன்னார்கள். வாசலில் வரும் இரப்போனுக்கு ஒரு பிடி அரிசி போடும் கை எப்போது நின்றுபோகிறது என்பதை ஓர் அரசாங்கம் குறித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது! அன்னிய ஆட்சியின் சிக்கனப் புத்தி இதன் பின்னால் இருந்தது உண்மை. உதவியைக் கடைசி நொடி வரை தள்ளிப்போடவும் இதே அறிகுறிகள் பயன்பட்டன. 1943இல் வங்காளத்தில் பிணங்கள் தெருவில் கிடந்தபோதும் பஞ்சம் என்று முறைப்படி அறிவிக்கப்படவே இல்லை. அறிவித்தால் சட்டக்கோவையின்படி உணவு தரவேண்டியிருக்கும். சொல்லைத் தவிர்த்தால் பொறுப்பையும் தவிர்க்கலாம்.

அந்த வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்து அமர்த்தியா சென் 1981இல் எழுதிய நூல் நமக்கு இன்னொன்றையும் காட்டியது. அவ்வாண்டு நெல் விளைச்சல் அத்தனை மோசமில்லை. மொத்தக் கையிருப்பைப் பார்த்தவர்கள் அச்சமில்லை என்றார்கள். ஆனால் கூலியாட்களும் மீனவர்களும் வாங்கும் ஆற்றலை இழந்திருந்தார்கள். களஞ்சியத்தில் நெல் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அந்த நெல்லின் மீது இன்னாருக்கு உரிமை இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

இதைத் தொடக்க நூல் வெகுகாலத்துக்கு முன்பே அறிந்திருந்தது. யோசேப்பின் கதையை மறைக்கல்வி வகுப்பில் பாதியோடு நிறுத்திவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஏழு கொழுத்த பசுக்கள், ஏழு மெலிந்த பசுக்கள், ஐந்தில் ஒரு பங்கு சேமிப்பு, சகோதரர்களோடு ஒப்புரவு, இத்தோடு முடித்துவிடுகிறோம். நாற்பத்தேழாம் அதிகாரத்தை யாரும் படித்துக் காட்டுவதில்லை. பஞ்சம் நீளும்போது மக்கள் முதலில் வெள்ளியைக் கொடுத்துத் தானியம் வாங்குகிறார்கள். வெள்ளி தீர்ந்ததும் குதிரை, ஆடு, மாடு, கழுதைகளைக் கொடுக்கிறார்கள். அதன் பின் கொடுப்பதற்கு நிலமும் தங்கள் உடலும் தவிர வேறொன்றும் இல்லை என்று வந்து நிற்கிறார்கள். யோசேப்பு அவற்றையும் பார்வோனுக்காக வாங்குகிறார். உயிர் பிழைத்தது, எகிப்து முழுவதும் அரண்மனைக்குச் சொந்தமாயிற்று. குருக்களின் நிலம் மட்டும் வாங்கப்படவில்லை என்று நூலாசிரியர் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார். அதை ஏன் எழுதினார் என்பதை வாசகர்களின் சிந்தனைக்கே விட்டுவிடுகிறோம்.

அரண்மனைக் கணக்கேட்டில் அந்த ஏழு ஆண்டுகளும் வளர்ச்சிதான். வெள்ளி வந்தது, கால்நடை வந்தது, நிலம் வந்தது. ஒரே நிகழ்வு ஏட்டின் ஒரு பக்கத்தில் வரவாகவும் மறுபக்கத்தில் அழிவாகவும் இருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் கூற முடியாது.

நம் வட்டாரத்திலும் வரிசை பெரிதும் மாறுவதில்லை. முதலில் நகை கூட்டுறவு வங்கிக்குப் போகிறது. ஆறு மாதம் கழித்து, வட்டி கட்டி மறு அடகு. பிறகு கறவை மாடு சந்தைக்குப் போகிறது. அதுவும் வறட்சியில் எல்லாரும் விற்பதால் பாதி விலைக்கு. அடுத்து நிலம் ஒத்திக்கு. கடைசியில் உடல்: திருப்பூர்ப் பேருந்து, கேரளத்துக் கட்டட வேலை. ஆகவே ஓர் ஊரின் உடல்நிலையை அறிய விரும்புகிறவர், அவ்வூர் மக்கள் இந்தப் படிக்கட்டில் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று பார்த்தால் போதும். நகையை அடகு வைத்தவரும் மாட்டை விற்றவரும் ஒன்றல்லர். நகையை மீட்கலாம். மாட்டை விற்றவர் நாளைய பாலை விற்றுவிட்டார்.

தங்கத்தைப் பற்றி இன்னொரு செய்தி. 1929இல் தொடங்கிய உலகப் பெருமந்தத்தின்போது தஞ்சை மாவட்டத்தில் நெல் விலை சில ஆண்டுகளிலேயே ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் மலிவான அரிசி வந்து குவிந்தது. நிலவரியும் கடனும் மட்டும் பழைய அளவிலேயே நின்றன. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணயமுறையைக் கைவிட்டதும் தங்கத்தின் ரூபாய் விலை ஏறியது. கிராமங்களிலிருந்து காப்பும் காசுமாலையும் உருக்கப்பட்டுக் கப்பலேறின. இந்தியர்கள் நல்ல விலைக்குத் தங்கத்தை விற்று ஆதாயம் பார்க்கிறார்கள் என்று ஆள்வோர் தரப்பில் மகிழ்ந்தார்கள். இது துயரத் தங்கம் என்று நாட்டுத் தலைவர்கள் சொன்னார்கள். ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தில் இரண்டும் ஒரே எண். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு பெண் காதிலிருந்து தோட்டைக் கழற்றும்போது எப்படி இருந்தாள் என்பதைப் பார்க்காமல் இரண்டில் எது உண்மை என்று சொல்லிவிட முடியாது.

பார்க்கச் சென்றவர்களும் இருந்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைச் சிற்றூர்களுக்கு அனுப்பி, வீடு வீடாகக் கேட்டு எழுதச் சொன்னார். 1918இல் அது நூலாக வெளிவந்தது. அவ்வூர்களுள் ஒன்று தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சி. பெருமந்தத்தின் அடி ஆறாத 1936, 37ஆம் ஆண்டுகளில் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் தலைமையில் அதே ஊர்களுக்கு மீண்டும் போனார்கள். இவர் கேரளத்துச் சிரியன் கத்தோலிக்கர்; மலையாள இலக்கியத்துக்குக் கிறிஸ்தவர் ஆற்றிய பணியைப் பற்றியும் நூல் எழுதியவர்; பின்னாளில் இந்திய அரசின் பொருளாதார ஆலோசகர். பாலக்குறிச்சிக்கு அதன் பின்னரும் பல தலைமுறை ஆய்வாளர்கள் சென்று வந்திருக்கிறார்கள். ஓர் ஊரை ஒருமுறை அளப்பது எளிது. நூறு ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சென்று, "அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்?" என்று கேட்பது வேறு வகையான பொறுமை. நம்முடைய பங்கு ஆலயங்களின் பழைய குடும்பப் பதிவேடுகளைத் தூசி தட்டிப் பார்க்கும்போதெல்லாம், இவையும் இப்படிப் பயன்பட்டிருக்கலாமே என்ற எண்ணம் நமக்கு வருவதுண்டு.

முத்துப்பேட்டைக்குத் திரும்புவோம். கடைத்தெருவில் நடந்தால் இவ்வூர் நலிந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உழைப்பவர்கள் அனுப்பும் பணம் நல்ல வீடுகளாக நிற்கிறது, துணிக்கடைகளாக ஒளிர்கிறது. ஜாம்புவானோடை தர்காவுக்கு வரும் பயணிகளாலும் வணிகம் உண்டு. அந்தத் தெருவிலிருந்து சற்றுத் தொலைவு தெற்கே போனால் கழியில் வலை வீசும் குடும்பங்கள். கிழக்கும் மேற்கும் போனால் கடைமடை வயலில் நடவு நடும் பெண்கள். மூன்று கூட்டத்தாரின் வருமானத்தையும் கூட்டி, தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் வரும் எண், இம்மூவருள் ஒருவருடைய வாழ்க்கையையும் சொல்லாது. நாட்டு வருமானக் கணக்கை வகுத்துத் தந்த சைமன் குஸ்னெட்ஸே 1934இல், பெருமந்தத்தின் நடுவில், ஒரு நாட்டு மக்களின் நல்வாழ்வை இந்த எண்ணிலிருந்து ஊகிப்பது இயலாது என்று அமெரிக்க ஆட்சிமன்றத்துக்கு எச்சரித்தார். எண் பரவியது; எச்சரிக்கை பரவவில்லை.

எண் ஏறும்போது ஊர் இறங்கியதும் உண்டு. தொண்ணூறுகளில் இக்கடற்கரையோரம் இறால் பண்ணைகள் பரவின. ஏற்றுமதி வருவாய் உயர்ந்தது. பண்ணையை ஒட்டிய வயல்களும் கிணறுகளும் உப்பாயின. நடவு வேலை போயிற்று. சர்வோதயத் தொண்டர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்திலிருந்த பண்ணைகளை அகற்ற ஆணையிட்டது. அந்த ஆண்டுகளின் அன்னியச் செலாவணி அட்டவணையில் கிணற்று உப்புக்கு ஒரு பத்தி இல்லை.

பிறகு 2018 நவம்பர் 16 அதிகாலை. கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகில் கரையேறி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. அலையாத்திக் காடும் இலையுதிர்ந்து பழுப்பேறி நின்றது. சாய்ந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 என்று அரசு கணக்கிட்டது. மரத்தை எண்ண வந்தவர்கள் நேர்மையாகவே எண்ணியிருக்கலாம். ஆனால் நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். தோப்புக்காரர் இழந்தது மரத்தை மட்டுமன்று, அந்த ஆண்டுகளையும் சேர்த்து. தோப்பே இல்லாமல் அதில் காய் பறித்தும், மட்டை உரித்தும், கீற்று முடைந்தும் பிழைத்தவருக்கோ எண்ணிக் காட்ட ஒரு மரமும் இல்லை. மரத்துக்கு உரிமையாளர் உண்டு, எனவே மரம் கணக்கில் வந்தது. கீற்று முடையும் கைக்குப் பட்டா கிடையாது.

பயிர்க் காப்பீட்டிலும் இதே சிக்கல். 2016இல் வந்த திட்டத்தின்படி வருவாய்க் கிராமம் போன்றதோர் அலகில் சில வயல்களைத் தேர்ந்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரத்தில் கதிரறுத்து எடை போடுகிறார்கள். அந்தச் சராசரி ஊர் முழுவதற்கும் தீர்ப்பு. தேர்வான வயல் வாய்க்கால் தலைப்பில் இருந்து, வால் பகுதி காய்ந்து கிடந்தால், வால் பகுதியாருக்கும் நல்ல விளைச்சல் என்றே முடிவாகும். தலைமடைக்கும் கடைமடைக்கும் உள்ள வேறுபாடு மேட்டூருக்கும் முத்துப்பேட்டைக்கும் இடையே மட்டும் இல்லை. ஒவ்வோர் ஊருக்குள்ளும் ஒரு மேட்டூரும் ஒரு முத்துப்பேட்டையும் இருக்கின்றன. ஒவ்வொரு பங்கிலும் உண்டு என்றும் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்படியானால் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதே வழி என்று சொல்லத் தோன்றும். நாமும் அந்தப் பக்கமே சாய்கிறோம். 1833இல் பாரிசில் பிரடெரிக் ஓசானாம் என்னும் இருபது வயது மாணவரும் அவர் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை, ஏழையைத் தேடி வீட்டுக்கே போவதைத் தன் முதல் வேலையாக வைத்துக்கொண்டது. நம் பங்குகளில் இன்றும் அச்சபையார் மாலை வேளைகளில் போகிறார்கள். ஆனால் அவர்களிடம் பேசிப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். மிகவும் நொடித்துப்போன வீட்டின் கதவு எளிதில் திறப்பதில்லை. "எங்களுக்கு ஒன்றும் குறைவில்லை ஐயா, ஆண்டவர் புண்ணியத்தில் நன்றாயிருக்கிறோம்" என்பார்கள். நேற்றுவரை நெல்லை அளந்து கொடுத்தவர், இன்று வாங்குபவர் பட்டியலில் தம் பெயர் வருவதைவிடப் பட்டினியை மேலென்று எண்ணுகிறார். அந்த மானத்தை உடைத்து உள்ளே புகுந்து எண்ணிக்கொண்டு வருவது அறமா? தாவீது அரசர் குடிமக்களை எண்ணியது குற்றமாயிற்று என்று சாமுவேல் நூல் சொல்கிறது. ஏன் குற்றம் என்பதற்கு விளக்கவுரையாளர்கள் பல காரணம் சொல்வார்கள். எண்ணப்படுகிறவன் தன்னை உரிமைப் பொருளாக உணர்கிறான் என்பதும் அவற்றுள் ஒன்றாக இருக்கலாம் என்பது நம் கருத்து. எண்ணாமல் விட்டால் உதவி வராது. எண்ணினால் தலை குனிகிறது. இதற்கு நம்மிடம் தெளிவான விடை இல்லை. எண்ணுகிறவர் அதே வாசலுக்கு மறுபடியும் வருபவராக இருந்தால் குனிவு குறையலாம் என்பது வரை சொல்லலாம்.

மாற்கு நற்செய்தியில் இயேசு காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. கைம்பெண் போட்ட இரண்டு காசுகளைக் கொடையின் பெருமையாகவே நாம் பிரசங்கங்களில் கேட்டுப் பழகியிருக்கிறோம். அவர் அங்கே ஓர் அளவுகோலையும் மாற்றுகிறார். போட்டது எவ்வளவு என்று பாராமல், போட்டபின் எவ்வளவு மிஞ்சியது என்று பார்க்கிறார். அதற்கு முந்திய வரிகளில்தான், கைம்பெண்களின் வீடுகளை விழுங்குவோரை அவர் கண்டித்திருக்கிறார். அந்த இரண்டு காசு போனபின் அவள் மாலையில் என்ன உண்டாள் என்று எவரும் எழுதவில்லை.

முத்துப்பேட்டையில் தேநீர்க் கடை நடத்தும் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவரிடம் ஒரு கணக்கு நோட்டு உண்டு. காலையில் வேலைக்குப் போகுமுன் தேநீர் குடித்துவிட்டு, கூலி வந்ததும் கொடுப்பவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். ஊரின் நாடி இதிலல்லவா இருக்கிறது என்று எண்ணி, வறட்சி ஆண்டில் கடன் எவ்வளவு ஏறியிருந்தது என்று கேட்டோம். பழைய நோட்டு அவரிடம் இருந்தது. பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். 2016 ஐப்பசி வரை வரிகள் நெருக்கமாக இருந்தன. மார்கழியிலும் தையிலும் வெகுவாகக் குறைந்திருந்தன. ஒரு பொருளியல் மாணவர் இந்த நோட்டைக் கண்டால், தையில் நிலைமை சீரடைந்தது, மக்கள் கையில் காசு புழங்கியது என்றே எழுதுவார்.

"என்ன ஐயா, கடன் குறைந்திருக்கிறதே?" என்றோம்.

"பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். திருப்பிக் கொடுக்க முடியாது என்று தெரிந்தவன் கடைப் பக்கமே வரமாட்டான், அந்தத் தெரு வழியாகப் போவான்" என்று எதிர்ச் சந்தைக் காட்டினார்.

"மீதிப் பேர்?"

அவர் நோட்டை மூடி, விளக்கு மாடத்தின் கீழே இருந்த தகரப் பெட்டிக்குள் வைத்தார். "வந்தார்கள். நான் எழுதவில்லை."